தழைச்சத்து எவ்வளவு என்பதோடு எப்போது என்பதையும் எழுதுங்கள்

உரப் பரிந்துரை அட்டவணை தயாரிப்பவர்களுக்கும், மண் ஆய்வுக்கூடங்களில் பணிபுரிபவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நீங்கள் அச்சடித்துத் தரும் அட்டவணையில் ஒரு வரி உண்டு: தொழு உரம், தழைச்சத்து (நைட்ரஜன்) 0.5 விழுக்காடு. அதற்குக் கீழே கோழி எரு, மட்கு உரம், பசுந்தாள் உரம் என்று வரிசையாகப் போகும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எண். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் கணக்குப் போடுகிறோம். பத்து டன் தொழு உரம் போட்டால் 50 கிலோ தழைச்சத்து, ஆகவே ரசாயன உரத்தில் 50 கிலோவைக் குறைத்துக்கொள்ளலாம். பெருக்கலில் பிழை இல்லை. ஆனால் பயிர் அந்தக் கணக்குப்படி நடப்பதில்லை.

எனக்கு அது புரிந்தது ஒரு மக்காச்சோளப் போகத்தில். முந்தைய நெல்லின் தாளையும் சிதறிக் கிடந்த வைக்கோலையும் எரிக்க மனம் வரவில்லை. அப்படியே மடக்கி உழுதேன். மேலே தொழு உரத்தையும் இறைத்தேன். பத்து நாள் கழித்து விதைப்பு. எருவில் வரும் தழைச்சத்தை அட்டவணைப்படி கழித்துவிட்டு, மிச்சத்தை மட்டும் உரமாக இட்டேன். முளைப்பு நன்றாகவே இருந்தது. மூன்றாவது வாரத்தில் அடி இலைகள் வெளுக்க ஆரம்பித்தன. இலை நுனியில் தொடங்கிய மஞ்சள், நடு நரம்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கியது, அம்புத்தலை மாதிரி. தழைச்சத்துப் பசி என்று பார்த்ததுமே தெரிந்தது. ஆலோசனை கேட்ட இடத்தில், "நீங்கள் போட்ட எருவுக்குத் தழைச்சத்து போதுமே, வேறு ஏதாவது குறையாக இருக்கும்" என்றார்கள்.

இரண்டு வரிசைக்கு நடுவே கொத்திப் பார்த்தேன். ஒரு சாண் ஆழத்துக்குள் வைக்கோல் துண்டுகள் அப்படியே கிடந்தன. நிறம் மட்டும் பழுப்பேறியிருந்தது. துண்டுகளைச் சுற்றி வெள்ளை இழைகள், பஞ்சைப் பிரித்துப் போட்டதுபோல மண்ணுக்குள் ஓடியிருந்தன. ஒரு துண்டை விரலால் திருகினால் உடையவில்லை, நாராகத்தான் கிழிந்தது. அந்த இழைகளின் வேலை பாதிகூட முடியவில்லை. அறுவடை முடிந்த பிறகு அதே நிலத்தில் முளைத்த களைகளைப் பார்க்க வேண்டுமே! ஒவ்வொன்றும் கரும்பச்சையாக, தண்டு பருத்து நின்றது. நான் எதிர்பார்த்த தழைச்சத்து வந்துவிட்டது. வாங்கிக்கொள்ள வேண்டிய பயிர்தான் அங்கே இல்லை.

அதிலிருந்து இந்த விஷயத்தைத் தேடிப் படித்துக்கொண்டும் வயலில் பார்த்துக்கொண்டும் வருகிறேன். உங்களுக்குத் தெரியாத எதையும் நான் சொல்லப்போவதில்லை. உங்களுக்குத் தெரிந்தது உங்கள் அட்டவணையில் இல்லையே என்பதுதான் என் வருத்தம்.

முதலில் அந்த எண். அது எப்படி வருகிறது என்று எங்களுக்கு யாரும் சொல்வதில்லை. கோபன்ஹேகனில் யோஹான் கெல்டால் என்ற வேதியியலாளர் 1883-ல் வெளியிட்ட முறையும் அதன் வழிவந்த முறைகளும்தான் இன்றும் அதற்கு அடிப்படை. காய்ந்த எருவை அடர்த்தியான கந்தக அமிலத்தில் போட்டுக் கொதிக்க வைக்கிறார்கள். புரதம் எல்லாம் சிதைந்து அம்மோனியம் ஆகிறது. அதை வடித்து அளக்கிறார்கள். துல்லியமான முறை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் என் வயலில் கொதிக்கும் அமிலம் இல்லை. அங்கே இருப்பவை பாக்டீரியாவும் பூஞ்சையும். அமிலம் சில மணி நேரத்தில் உடைத்துத் தருவதை உடைக்க அவற்றுக்கு ஒரு மாதம் ஆகலாம், பத்து வருடமும் ஆகலாம். நீங்கள் தரும் எண் எருவுக்குள் எவ்வளவு தழைச்சத்து இருக்கிறது என்று சொல்கிறது. அதில் எவ்வளவு, எந்த வாரத்தில் வேருக்குக் கிடைக்கும் என்பது வேறு கேள்வி. அதற்கு இந்த எண்ணில் பதில் இல்லை.

யூரியாவையும் எருவையும் ஒரே தராசில் நிறுத்துவதால்தான் குழப்பம் வருகிறது. யூரியா மண்ணில் விழுந்து ஈரம் பட்டால் சில நாளில் அம்மோனியம் ஆகிவிடும். எருவிலும் பயிர்க்கழிவிலும் தழைச்சத்தின் பெரும்பகுதி புரதமாகவும் இன்னும் பெரிய மூலக்கூறுகளாகவும் கட்டுண்டு கிடக்கிறது. நுண்ணுயிர்கள் அதைத் தின்று, தங்கள் தேவைக்குப் போக மிஞ்சியதை அம்மோனியமாக வெளியே விட வேண்டும். வேறு வகை பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கும். இந்த மாற்றத்தைச் செய்வது உயிர்கள்தான் என்று ஷ்லோசிங், முண்ட்ஸ் என்ற இருவர் 1877-ல் காட்டினார்கள். அடுத்த பதினைந்து ஆண்டுக்குள் வினோகிராட்ஸ்கி என்ற ஆய்வாளர் அந்தப் பாக்டீரியாக்களையே பிரித்தெடுத்துவிட்டார். ஆக, எருவைப் பயிர் நேரடியாகச் சாப்பிடுவதில்லை. நுண்ணுயிர் சாப்பிட்டு மிச்சம் வைத்ததைத்தான் சாப்பிடுகிறது. "மிச்சம் வைத்தால்" என்ற அந்த நிபந்தனையில்தான் எங்கள் மகசூல் தொங்குகிறது.

மிச்சம் வைக்குமா வைக்காதா என்பதை ஒரு டன் காய்ந்த வைக்கோலை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அதில் கார்பன் சுமார் 400 கிலோ. தழைச்சத்து சுமார் 5 கிலோ. அதாவது 80-க்கு 1. நுண்ணுயிர்கள் தின்னும் கார்பனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைச் சுவாசித்துக் கரியமில வாயுவாக வெளியே விட்டுவிடும். மூன்றில் ஒரு பங்கு, அதாவது 133 கிலோ, அவற்றின் உடம்பாகும். அந்த உடம்பில் 8 பங்கு கார்பனுக்கு 1 பங்கு தழைச்சத்து வேண்டும். 133-ஐ 8-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 17 கிலோ. வைக்கோலில் இருப்பதோ 5. மீதி 12 கிலோவுக்கு அவை எங்கே போகும்? மண்ணில் ஏற்கெனவே இருக்கும் அம்மோனியத்தையும் நைட்ரேட்டையும் இழுத்துக்கொள்ளும். வேரை விட அவை நெருக்கத்திலும் எண்ணிக்கையிலும் மேல். அந்தப் போட்டியில் மூன்று வார நாற்று ஜெயிப்பது கடினம். என் மக்காச்சோளத்துக்கு நடந்தது இதுதான்.

இதே கணக்கைப் பசுந்தாள் உரப் பயிரான சணப்பைக்குப் போடுவோம். பூக்கும் தறுவாயில் மடக்கி உழுத இளம் சணப்பை, காய்ந்த எடையில் ஒரு டன். கார்பன் அதே 400 கிலோ. தழைச்சத்து 2.5 விழுக்காடு என்றால் 25 கிலோ. நுண்ணுயிரின் தேவை அதே 17. மீதி 8 கிலோ முதல் சுற்றிலேயே வெளியே வருகிறது. இரண்டிலும் எடை ஒன்று, கார்பன் ஒன்று. ஒன்று கொடுக்கிறது, மற்றொன்று எடுக்கிறது. சமன் ஆகும் புள்ளி ஏறக்குறைய 24-க்கு 1. வயலில் எல்லாம் ஒரே நேரத்தில் மட்குவதில்லை என்பதால் இதைக் கோடு கிழித்ததுபோல் எடுத்துக்கொள்ள முடியாது. 20-க்குக் கீழே இருந்தால் கொடுக்கும், 30-க்கு மேலே போனால் எடுக்கும், நடுவில் இருந்தால் இப்படியும் அப்படியும் என்று வைத்துக்கொள்ளலாம். இவ்வளவு எளிய விஷயம்தான். உங்கள் அட்டவணையில் இதற்கு ஒரு பத்தி போதும்.

நுண்ணுயிர்கள் எடுத்துக்கொண்டது தொலைந்து போய்விடுவதில்லை. கார்பன் தீரத் தீர அவை சாகும். உயிரோடு இருக்கும்போதே அவற்றை மேய ஆட்கள் இருக்கிறார்கள், ஒருசெல் உயிரிகளும் கண்ணுக்குத் தெரியாத நூற்புழுக்களும். நூற்புழு என்றாலே வேரைக் கெடுப்பது என்றுதான் நமக்கு ஞாபகம் வரும். பாக்டீரியாவை மட்டும் தின்னும் வகைகள் மண்ணில் ஏராளம். பாக்டீரியாவின் உடம்பில் இருக்கும் தழைச்சத்து அந்தப் புழுவின் தேவையைவிட அதிகம். மிஞ்சியதை அது அம்மோனியமாகக் கழித்துவிடும், அதுவும் பாக்டீரியா கூட்டமாக வாழும் வேர்முனைக்குப் பக்கத்திலேயே. இப்படி நுண்ணுயிரின் உடம்பில் பூட்டப்பட்ட தழைச்சத்து திரும்பி வரும் வழிகளில் இது ஒன்று. திரும்பி வரும் என்பதில் சந்தேகமில்லை. பயிர் கேட்கும் வாரத்தில் வருமா என்பதுதான் சந்தேகம்.

கார்பன், தழைச்சத்து விகிதம் மட்டும் தெரிந்தால் போதுமா என்றால், போதாது. இங்கேதான் நீங்கள் இன்னும் கொஞ்சம் மெனக்கெட வேண்டும் என்று கேட்கிறேன். கிளிரிசிடியா தழையிலும் கேலியாண்ட்ரா தழையிலும் தழைச்சத்து தாராளமாக இருக்கிறது. இரண்டுமே பயறுவகைக் குடும்பம். கிளிரிசிடியா சில வாரத்தில் கரைந்துவிடும். கேலியாண்ட்ரா இழுத்துக்கொண்டே போகும். காரணம் அதிலுள்ள டானின். துவர்ப்பு தரும் அந்தப் பொருள் புரதத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது, நுண்ணுயிரின் நொதிகளுக்கு எட்டவிடுவதில்லை. மரத்தன்மை தரும் லிக்னினும் அப்படித்தான். வெப்பமண்டல மண்களில் வேலை செய்த ஆய்வாளர்கள் ஒரு எளிய வரம்பு வைத்திருக்கிறார்கள்: தழைச்சத்து 2.5 விழுக்காட்டுக்கு மேல், லிக்னின் 15-க்குக் கீழ், பாலிபீனால் (டானினும் இந்த வகைதான்) 4-க்குக் கீழ் இருந்தால் அந்தத் தழையை நேரடியாக உழுது பயன்படுத்தலாம். லிக்னினோ பாலிபீனாலோ வரம்பை மீறினால் உரத்தோடு கலந்தோ மட்க வைத்தோ போடு. தழைச்சத்தே குறைவென்றாலும் அப்படித்தான், கூடவே லிக்னினும் வரம்பை மீறினால் மூடாக்காகப் பரப்பிவிடு. ஆய்வுக்கூடம் இல்லாதவர்கள்கூட இலையைக் கிழித்துப் பார்த்தும், மென்று பார்த்தும் ஓரளவு ஊகிக்கலாம். நாராகக் கிழிந்தால் லிக்னின், நாக்கு இழுத்தால் டானின்.

எருக்களிலும் இதே வித்தியாசம் உண்டு. கோழி எருவில் தழைச்சத்தின் பெரும் பங்கு யூரிக் அமிலமாக இருக்கிறது. அது யூரியாவாகி, அம்மோனியமாகி, வெகு சீக்கிரம் கிடைக்கிறது. மேலாகத் தூவிவிட்டு உழாமல் போட்டால் அதே வேகத்தில் அம்மோனியா வாயுவாகக் காற்றில் போய்விடும். மூக்கில் காரமாக ஏறும் அந்த வாடையே நாம் இழக்கும் தழைச்சத்துதான். மாட்டின் கழிவில் வெளியாகும் தழைச்சத்தில் பாதியளவு சிறுநீரில் இருக்கிறது. தரையில் வைக்கோல் பரப்பிச் சிறுநீரை ஊற வைத்த தொழுவத்தின் எருவும், சிறுநீர் ஓடிப்போன தொழுவத்தின் எருவும் ஒன்றாகுமா? அட்டவணையில் இரண்டும் ஒரே வரி. நன்றாக மட்கிய உரத்தின் கதை இன்னும் வேறு. சீக்கிரம் மட்கக்கூடிய புரதமெல்லாம் குவியலிலேயே கரைந்து, மீதி இருப்பது கெட்டியானது. அதனால் விகிதம் குறைவாக இருந்தாலும் அது நிதானமாகத்தான் கொடுக்கும். பத்து டன் தொழு உரத்தின் 50 கிலோவில் முதல் பயிருக்கு 5 முதல் 15 கிலோ கிடைத்தால் அதை இயல்பு என்று எடுத்துக்கொள்ளலாம். கோழி எருவை உடனே உழுது மூடினால் பாதிக்கு மேலேயே கிடைக்கும்.

சரி, எருவின் குணம் தெரிந்துவிட்டது. அடுத்தது மண்ணின் சூடும் ஈரமும். சூடு பத்து டிகிரி கூடினால் நுண்ணுயிரின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், 35 டிகிரி வாக்கில் வரைக்கும். குளிர்ந்த மண்ணில் எட்டு வாரம் எடுப்பது வெதுவெதுப்பான மண்ணில் நான்கு வாரத்தில் முடியும். ஈரத்தில், மண்ணின் துளைகளில் 60 விழுக்காடு தண்ணீரும் மீதி காற்றுமாக இருக்கும்போது வேலை மும்முரம். அதைத் தாண்டினால் காற்று போதாமல், வேறு கூட்டம் உள்ளே வரும். அவை நைட்ரேட்டிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு தழைச்சத்தை வாயுவாக்கி அனுப்பிவிடும். எருவும் போட்டு, தண்ணீரையும் தேக்கி வைத்த மேட்டுப்பயிர் வெளுத்துப்போவது இதனால்தான்.

நெல் வயல் தனி உலகம். அங்கே காற்று இல்லாத சேற்றில் மட்கல் மெதுவாக நடக்கும். ஆனால் காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் தின்பதில் சிறு பங்கைத்தான் உடம்பாக்கும், எனவே தழைச்சத்துத் தேவையும் குறைவு. வைக்கோல் போட்ட சேற்றில் பூட்டல் மேட்டு நிலத்தைவிடக் குறைவாக இருக்கும். வெளியே வருவது அம்மோனியமாகவே நிற்கும், களிமண் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே நெல்லுக்கு எழுதிய எண்ணை மக்காச்சோளத்துக்கும், மக்காச்சோளத்துக்கு எழுதியதை நெல்லுக்கும் எடுத்துப் போடுவது சரியல்ல. அட்டவணையில் குறைந்தபட்சம் இரண்டு பத்தி வேண்டும், தண்ணீர் கட்டிய நிலம் ஒன்று, கட்டாத நிலம் ஒன்று.

ஈரத்தைப் பற்றிச் சொல்லும்போது முதல் மழையை விட்டுவிட முடியாது. கோடையில் நன்றாகக் காய்ந்த மண்ணில் மழை விழுந்த ஓரிரு நாளில் நுண்ணுயிரின் மூச்சு குபீரென்று எழும்பும், கூடவே தழைச்சத்தும் விடுபடும். கிழக்கு ஆப்பிரிக்காவில் வேலை செய்த பெர்ச் என்ற ஆய்வாளர் 1958-ல் இதை விரிவாக எழுதினார். இன்றும் அவர் பெயரால்தான் இந்த விளைவை அழைக்கிறார்கள். காய்ச்சலில் செத்த நுண்ணுயிர்களும், மண்கட்டிகள் உடைந்து வெளிப்பட்ட பழைய கரிமமும் மிச்சமிருப்பவற்றுக்கு விருந்தாகின்றன. முதல் மழையோடு விதைத்தவர் பயிர் செழிப்பாக வருவதும், இரண்டு வாரம் தாமதித்தவர் பயிர் சற்று வெளுத்து வருவதும் வெறும் ராசி இல்லை. அந்த நைட்ரேட் வேர் கிடைக்காமல் அடுத்த கனமழையில் கீழே இறங்கிவிட்டிருக்கும்.

நான் வைக்கோலைக் குற்றவாளியாக நிறுத்துவதாக யாரும் நினைக்க வேண்டாம். அதை எரிக்கச் சொல்லவில்லை, எரிக்கவே கூடாது என்பதுதான் என் உறுதியான எண்ணம். எரித்தால் அதிலிருக்கும் தழைச்சத்தில் பெரும்பகுதி புகையோடு போய்விடும். பூட்டல் என்பதையும் திருட்டு என்று நான் பார்க்கவில்லை. பயிரில்லாத மழைக்காலத்தில் மண்ணில் நைட்ரேட் சும்மா நின்றால் அது நிலத்தடி நீருக்குத்தான் போகும். அந்த நேரத்தில் வைக்கோல் போட்டால் நுண்ணுயிர்கள் அதை வாரி உடம்பில் வைத்துக்கொள்ளும், பிறகு மெல்ல விடும். அதே வைக்கோல், அதே பூட்டல்தான். விதைப்புக்குப் பத்து நாள் முன்னால் என்றால் சேதம், ஆறு எட்டு வாரம் முன்னால் என்றால் லாபம். இந்த ஒரு வரி அந்தப் போகத்தில் எனக்குக் கிடைத்திருந்தால் போதும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. முதல் வருடம் 5 முதல் 15 கிலோதான் கிடைத்தது என்றால் மீதி எங்கே? பெரும்பகுதி மண்ணிலேயே இருக்கிறது. இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் ஹூஸ்ஃபீல்ட் என்ற வயல் உண்டு. அதில் ஒரு பாத்திக்கு 1852 முதல் 1871 வரை ஆண்டுதோறும் ஹெக்டேருக்கு 35 டன் தொழு உரம் போட்டார்கள். பிறகு நிறுத்திவிட்டார்கள். நூறு வருடத்துக்கு மேல் கழித்து அளந்தபோதும், எருவே போடாத பாத்தியைவிட அதில் கரிமமும் தழைச்சத்தும் அதிகமாக இருந்தன. இருபது வருட எருவின் தடம் ஒரு நூற்றாண்டைத் தாண்டி நிற்கிறது! உங்கள் அட்டவணையில் எருவின் ஆயுள் ஒரு போகம்.

இதனால் இரண்டு விதமாகத் தவறு நடக்கிறது. புதிதாக எருவுக்கு மாறுபவர்களுக்குப் பரிந்துரை கைகொடுப்பதில்லை. முதல் இரண்டு வருடம் பயிர் பசியில் கிடக்கும். "எருவில் ஒன்றுமில்லை" என்று மனம் விட்டுப் பழைய வழிக்கே போய்விடுகிறார்கள். நல்ல மனதோடு தொடங்கி இப்படித் திரும்பிப் போனவர்களை எனக்குத் தெரியும், அதுதான் வலிக்கிறது. பத்துப் பதினைந்து வருடமாக எருவே போட்டு வருபவர்களுக்கு நேர் எதிர். அவர்கள் மண் ஒவ்வொரு வருடமும் பழைய சேமிப்பிலிருந்தே கணிசமாகக் கொடுக்கிறது. மேல்மண்ணின் தழைச்சத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் கரிம வடிவில்தான் இருக்கிறது, அதில் ஆண்டுக்கு 1 முதல் 3 விழுக்காடு விடுபடும் என்று வைத்தாலே போதும். அவர்களுக்கும் அதே பரிந்துரை எழுதினால் பயிர் தழைத்துச் சாயும், பூச்சி வரும், நைட்ரேட் கிணற்றுக்கு இறங்கும். எரு இயற்கையானது, எவ்வளவு போட்டாலும் தப்பில்லை என்று எங்களில் பலரும் சொல்கிறோம். அது சரியில்லை. எருவிலிருந்து வந்த நைட்ரேட்டும் யூரியாவிலிருந்து வந்த நைட்ரேட்டும் தண்ணீருக்கு ஒன்றுதான்.

ஆகவே நான் கேட்பது இவைதான். எருவின் மொத்தத் தழைச்சத்துக்குப் பக்கத்தில் கார்பன் விகிதத்தையும் அச்சிடுங்கள். முதல் போகத்தில் கிடைக்கக்கூடியதை ஒற்றை எண்ணாகத் தராமல், குறைந்தபட்சம் இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு என்று தாருங்கள். ஒற்றை எண் கொடுத்தால்தான் எங்களுக்குப் புரியும் என்று நினைக்காதீர்கள், மழையையே நம்பி விதைப்பவர்களுக்கு "இதற்குள் இருக்கும்" என்ற பேச்சு புதிதில்லை. உழுததற்கும் விதைப்புக்கும் நடுவில் எத்தனை வாரம் விட வேண்டும் என்று எழுதுங்கள். நாள் இல்லை, விதைத்தே ஆக வேண்டும் என்றால் டன் வைக்கோலுக்கு அந்த 12 கிலோவில் எவ்வளவை அடியுரமாக ஈடுகட்டலாம் என்றும் எழுதுங்கள். மண் மாதிரி வாங்கும்போது இரண்டு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள்: கடந்த ஐந்து வருடத்தில் என்ன எரு, எவ்வளவு? முந்தைய பயிரின் கழிவு எங்கே போனது?

ஆய்வுக்கூடத்தாரிடம் தனியாக ஒன்று. மண் எவ்வளவு தழைச்சத்தை விடும் என்று அளக்க, ஸ்டான்ஃபோர்ட், ஸ்மித் என்ற ஆய்வாளர்கள் 1972-ல் மண்ணை 35 டிகிரியில் 30 வாரம் வைத்து அவ்வப்போது கழுவி அளந்தார்கள். அவ்வளவு காலம் உங்களால் காத்திருக்க முடியாது, எங்களாலும் முடியாது. ஆனால் வாரிங்கும் பிரெம்னரும் 1964-ல் சொன்ன முறைக்கு ஒன்றிரண்டு வாரம் போதும். மண்ணைச் சோதனைக் குழாயில் தண்ணீரில் மூழ்கடித்து மூடி, வெதுவெதுப்பில் வைத்து, கூடியிருக்கும் அம்மோனியத்தை அளப்பது. அதற்கு வேண்டிய கருவியெல்லாம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. எங்கள் மண்ணின் கரிமச்சத்தை மட்டும் பார்த்துத் தழைச்சத்தை ஊகிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

என் பங்குக்கு நான் செய்வதையும் சொல்லிவிடுகிறேன். எரு போடும் ஒவ்வொரு வயலிலும் நாலு வரிசையை எருவில்லாமல் விட்டுவிடுகிறேன், பக்கத்தில் நாலு வரிசையில் தழைச்சத்து உரம் முழு அளவு இடுகிறேன். மூன்றையும் வாராவாரம் இலை நிறம் பார்த்துக் குறித்து வருகிறேன். இந்தப் போகத்துக்குக் கொசுவலைத் துணியில் 24 சிறு பைகள் தைத்து வைத்திருக்கிறேன். பன்னிரண்டில் வைக்கோல், பன்னிரண்டில் சணப்பை, ஒவ்வொன்றிலும் காய்ந்த எடை 20 கிராம். உழும் அன்றே ஒரு சாண் ஆழத்தில் புதைத்து, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இரண்டு வகையிலும் இரண்டிரண்டு பை எடுக்கப் போகிறேன். எடை எவ்வளவு குறைந்தது என்பதை என்னால் பார்த்துவிட முடியும். உள்ளே மிச்சமிருக்கும் தழைச்சத்தை அளக்க உங்கள் கெல்டால் குடுவை வேண்டும். பையைக் கழுவி, உலர்த்தி, தேதி எழுதிக் கொண்டுவந்து தருகிறேன். 24 மாதிரிகள்தான், அளந்து கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அட்டவணையைப் பார்த்து எரு போடும் ஒரு விவசாயி